ஒழுகுவது படகா, கூரையா

எங்கள் லம்கெராந்தா ஊருக்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பதில்லை. சல்பியா அக்காவின் வீட்டுக் கூரையைத்தான் பார்க்கிறார்கள். கூரை மேல் ஒரு மீன்பிடிப் படகு உட்கார்ந்திருக்கிறது. சுனாமி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன படகு. இறக்கி வைக்க ஆள் வருவதற்குள் பார்க்க ஆள் வந்துவிட்டது. பண்டா ஆச்சேயிலிருந்து பஸ் வைத்து வந்தார்கள், பிறகு விமானம் ஏறியும் வந்தார்கள். சரி, இனி இறக்கி என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படிக்கட்டு வைத்து, உச்சியில் நின்று பார்க்க மேடை கட்டி, இறந்துபோன எங்கள் ஜனங்களின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி, நினைவு அருங்காட்சியகம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். அதற்கு நேர் எதிரே என் காப்பிக் கடை. ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது. வேறு யாராவது சொன்னால் அது சுத்தப் புளுகு.

படகு பவாங் ஹனாஃபியாவுடையது. பவாங் என்றால் எங்கள் பக்கத்தில் படகுத் தலைவர். கடலுக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். கரையில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

தினமும் காலையில் அவர் என் கடையில் காப்பி குடிப்பார். மீசையைத் துடைத்துக்கொள்வார். தெருவைத் தாண்டுவார். வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று படியேறித் தன் படகைத் தானே பார்ப்பார். இப்படி எத்தனை வருஷமாக என்று கணக்கு வைக்கவில்லை. உலகத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தை அதிக முறை சுற்றிப் பார்த்த மனிதர் யார் என்று யாராவது போட்டி வைத்தால் எங்கள் ஊருக்கு ஒரு கோப்பை நிச்சயம்.

கீழ்வீட்டில் சல்பியா அக்கா குடியிருக்கிறார். வருகிறவர்களுக்குக் கதை சொல்கிற வேலையும் அவருடையதுதான். குரல் அப்படி. ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார்கள், அது வெட்கப்பட்டு ஒரு மூலையில் கிடக்கிறது.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம காலையில நெலம் ஆடுச்சு. அப்புறம் கடல் வந்துச்சு. நானும் அக்கம்பக்கத்து ஆளுங்களும் மாடிக்கு ஓடினோம், தண்ணியும் பின்னாலயே மாடிக்கு வந்துச்சு. கழுத்து வரைக்கும் வந்தப்ப மேல ஏதோ மோதுற சத்தம். பாத்தா படகு. கூரைய ஒடச்சுக்கிட்டு அதுல ஏறினோம். படகுல ஓட்ட. தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கு. நான் சோத்துப் பானைய எடுத்து அள்ளி அள்ளி ஊத்தினேன்."

இந்த இடத்தில்தான் மேடையிலிருந்து ஹனாஃபியாவின் குரல் தவறாமல் எழும்.

"அது ஓட்ட இல்ல! அல தெறிச்ச தண்ணி!"

"பவாங், அன்னைக்கு அள்ளி ஊத்துனது நானா நீங்களா?"

"என் படகப் பத்தி எனக்குத் தெரியாதா, வீட்டுக்காரம்மா?"

"ஒங்க படகு இன்னைக்கும் என் வீட்டுக்குள்ள ஒழுகுது! மழ பேஞ்சா பேசின் வெச்சுத்தான் படுக்குறேன்!"

"ஒழுகறது ஒங்க கூர. ஓட்டக் கூரைய வெச்சுக்கிட்டுப் படகு மேல பழியப் போடாதீங்க."

ஜகார்த்தாக்காரர்கள் இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டுவார்கள். கருங்கல்லில் பெயர்களைப் படித்துக் கண் கலங்கி நிற்கிறவர்கள் கூட இந்தச் சண்டையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் என் கடைக்கு வருவார்கள். வியாபாரத்துக்கு நல்லது. நான் தடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஹனாஃபியா அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆண் துணையில்லாத பெண் தனியாக இருக்கிற வீடு. ஆகவே அவருக்கு இரும்புப் படிதான். மேலே நின்று படகைப் பார்க்கலாம், அடியில் என்ன ஒழுகுகிறது என்று பார்க்க வழி கிடையாது. அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

அவர் கதையை அவரே சொல்ல மாட்டார், நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை தன் படகைப் பழுது பார்க்கப் பட்டறையில் ஏற்றிவிட்டு, வேறு ஒருவர் படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் கடல் சும்மாதான் இருந்ததாம். வலை நிறைய மீன். சந்தோஷமாகக் கரைக்குத் திரும்பினார்கள், ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணோம். மனைவியும் இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். வீடும் போய்விட்டது. சல்பியா அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. மூத்த பெண்ணுக்கென்று பக்கத்திலேயே கட்டிய புது வீட்டில் சுண்ணாம்பு கூடக் காயவில்லை.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணும் போய் வீடும் போனால் ஆண்பிள்ளைக்கு ஊரில் இடம் எது? கல்யாணமாகாத பையன்கள் படுக்கிற ஊர்த் தொழுகைக் கூடம்தான். ஹனாஃபியா அங்கேதான் பாய் விரித்தார். தலை நரைத்த மனிதர், குறட்டை விட்டுத் தூங்கும் பயல்களுக்கு நடுவில். உலகத்தில் அவருக்கென்று மிஞ்சிய ஒரே பொருள் அந்தப் படகு. அதுவும் அடுத்தவர் கூரையில்.

என் கடையில் உட்காருகிறவர்கள் இதை விட்டுவைப்பார்களா?

"பவாங், மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போகணும். நீங்க சாமான முன்னாடி அனுப்பிட்டு இங்க ஒக்காந்திருக்கீங்களே?"

"சீரு போயிச் சேந்தாச்சு, மாப்பிள்ள எப்பப் போறாரு?"

ஹனாஃபியா கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். காது மட்டும் சிவக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் சல்பியா அக்கா துணி உலர்த்திக்கொண்டிருப்பார். அவர் காதில் விழாமலா இருக்கும்? அந்த அம்மாவும் கணவரையும் மகளையும் தண்ணீருக்குக் கொடுத்தவர்தான். ஈரத்துணியை ஒரு உதறு உதறுவார், என் கடைக் கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும்.

ஒரு வருஷம் சுனாமி நினைவு நாளுக்குச் சில நாட்கள் முன்பு நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் பை, முகத்தில் நல்ல செய்தி. ஊர்த் தலைவர் கெச்சிக் நஸ்ருடின் கூடவே வந்தார். கெச்சிக்குக்கு அதிகாரிகளைக் கண்டால் வாயெல்லாம் பல்.

"சல்பியா அக்கா, ஒங்க கொற தீந்துது," என்றார் கெச்சிக். "நகரத்துல புதுசா பெரிய நினைவுப் பூங்கா வருது. நினைவு நாள் முடிஞ்சதும் கிரேன் வந்து படகத் தூக்கிட்டுப் போயிடும். ஒங்க கூரைய புதுசா போட்டுக் குடுத்துடுவாங்க."

இத்தனை வருஷம் கூரை, கூரை என்று கரடியாய்க் கத்தியவர் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? சல்பியா அக்கா தலைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியா," என்றார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஒரு பஸ் கூட்டத்துக்குக் கதை சொல்லும்போது சோற்றுப் பானையை விட்டுவிட்டார். மேடையில் ஹனாஃபியா இடைமறிக்கக் காத்திருந்தார். இடமே வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

படகுக்காரரின் சம்மதமும் வேண்டுமாம். என் கடையில் வைத்துத்தான் கெச்சிக் கேட்டார்.

"பவாங், நீங்க என்ன சொல்றீங்க?"

ஹனாஃபியா காப்பியைக் குடிக்கவில்லை. ஆற விட்டுவிட்டார். என் காப்பியை ஆற விடுகிறவனை நான் திட்டாமல் இருந்ததில்லை. அன்று திட்ட வரவில்லை.

"வீட்டுக்காரம்மா ஒழுகுதுன்னு சொல்றாங்க. ஒழுகற வீட்ல எத்தன நாள்தான் இருப்பாங்க? எடுத்துட்டுப் போகட்டும்."

கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒழுகறது படகு இல்ல. அத மட்டும் அவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார்.

எழுந்து போனார். தெருவைத் தாண்டவில்லை. நேராகத் தொழுகைக் கூடத்துக்குப் போனார். படகு போய்விட்டால் இந்தத் தெருவுக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே துணிக் கொடியின் பக்கத்தில் நின்ற சல்பியா அக்காவுக்கு எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் கூத்து.

எங்களில் எதற்கும் ஒரு குளிர்விப்பு உண்டு, நல்லபடியாக இருக்கட்டும் என்று. புது வீடு, புது மோட்டார் சைக்கிள், மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜி, கல்யாணப் பெண், மாப்பிள்ளை, படகு, எல்லாவற்றுக்கும் ஒரே சடங்குதான். மஞ்சள் ஒட்டரிசிச் சோறு, மாவு கலந்த தண்ணீர், தெளிக்க ஓர் இலைக்கொத்து, தட்டில் வெற்றிலை பாக்கு. படகு இடம் மாறுகிறதே, வெறுமனே அனுப்பலாமா என்று ஹனாஃபியாவுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதை யாரிடமாவது சொன்னாரா? சொல்லவில்லை. பவாங் அல்லவா, உத்தரவு போட்டுத்தான் பழக்கம், விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

முதல்நாள் சந்தையில் வெற்றிலையும் ஒட்டரிசியும் மஞ்சளும் வாங்கினார். அதை என் மனைவி ருக்கையா பார்த்துவிட்டாள். அவள் கண்ணில் ஒன்று பட்டால் ஊரில் தனியாக முரசு அறைய வேண்டியதில்லை. "பவாங் வெத்தல வாங்கறாரு! தட்டு கூடப் புதுசு!" என்று அவள் என்னிடம் சொன்னபோது பின்வாசலில் ஏற்கெனவே நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

இன்னொரு கோளாறு உடுப்பு. இருந்த நல்ல துணியெல்லாம் அந்த வீட்டோடு போயிற்று. ஆகவே கெச்சிக்கிடம் ஒரு கோட்டு இரவல் கேட்டிருக்கிறார். கெச்சிக் வீட்டில் இருந்த ஒரே நல்ல கோட்டு அவர் மகன் கல்யாணத்துக்குத் தைத்தது. கறுப்பு. கழுத்திலிருந்து இடுப்பு வரை தங்கப் பொத்தான்.

நினைவு நாள் வந்தது. அன்று எங்கள் கடற்கரையில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. காலையில் கருங்கல் முன்னால் நின்று துஆ ஓதினோம், அழுகிறவர்கள் அழுதோம், பிறகு எல்லாருக்கும் விருந்துக்கு ஆடு வெந்துகொண்டிருந்தது. மறுநாள் வர வேண்டிய கிரேன் அன்றே வந்து தெருமுனையில் நின்றது. அதிகாரி அதன் நிழலில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தொழுகைக் கூடத்திலிருந்து ஹனாஃபியா புறப்பட்டார். தங்கப் பொத்தான் கோட்டு. இடுப்பில் சரிகைத் துணி. கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் அவருடைய பழைய படகாட்கள், ஒருவர் தலையில் மஞ்சள் சோறு, ஒருவர் கையில் இலைக்கொத்து. சும்மா வருவானேன் என்று நபியைப் போற்றும் சலவாத்தை உரக்க ஓதிக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது என்ன என்று சொல்லிவிடும். மாப்பிள்ளை ஊர்வலம்.

"மாப்பிள்ள வந்தாச்சு!" என்று ருக்கையா ஒரு குரல் கொடுத்தாள்.

ஆடு வேகிற இடத்திலிருந்து பெண்கள் எல்லாம் கரண்டியோடு ஓடிவந்தார்கள். எவளோ ஒருத்தி ஹனாஃபியாவின் தலைக்கு மேல் குடை பிடித்தாள். எவளோ ஒருத்தி அரிசியை வாரி எறிந்தாள், பாதி அவர் வாயில் விழுந்தது. அவர் இடதுபுறம் இரும்புப் படிக்கட்டை நோக்கித் திரும்பினார். பெண்கள் விடவில்லை. வலதுபுறம் வாசலை நோக்கித் தள்ளினார்கள்.

"படகுக்கு! இது படகுக்கு!" என்று அரிசியைத் துப்பிக்கொண்டே கத்தினார்.

"வெக்கத்தப் பாருடி!" என்றாள் ருக்கையா.

வாசல் கதவு திறந்தது. சல்பியா அக்கா நின்றார். தலையில் புதுத் துணி, பச்சை நிறம். நினைவு நாளுக்குப் போட்டதா, வேறு எதற்காவது போட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சத்தியம் பண்ண மாட்டேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. சலவாத்து ஓதியவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா தட்டைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"பவாங், இது யாருக்கு?" மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் குரல் மெதுவாகப் பேசும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

ஹனாஃபியாவின் முகம் செத்துப் போயிற்று. பெரும் புயலில் படகைத் திருப்பிக்கொண்டு வந்த மனிதர், ஒரு வெற்றிலைத் தட்டை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார். எனக்குக் கோபமாக வந்தது. சொல்லித் தொலையேன்யா என்று கத்தலாம் போலிருந்தது.

"படகுக்குத்தான் கொண்டு வந்தேன்," என்றார்.

அக்காவின் கை கதவைப் பிடித்தது.

"ஆனா," என்றார் ஹனாஃபியா, "படகு வெத்தல போடாதே."

சல்பியா அக்கா கையை நீட்டினார். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார், மடித்தார், வாயில் போட்டு மென்றார். எங்களில் வெற்றிலையை எடுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. இமாம் வந்து நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

"படி வழியா வேணாம்," என்றார் அக்கா. "செருப்பக் கழட்டிட்டு வாசல் வழியா வாங்க."

பெண்கள் போட்ட கூச்சலில் கிரேன் ஓட்டுநர் பயந்து வண்டியை அணைத்துவிட்டார். அதிகாரி பையோடு ஓடிவந்தார்.

"அம்மா, வாழ்த்துக்கள். ஆனா படகு? நான் இன்னைக்கே ஏற்பாடு பண்ணி..."

"மாப்பிள்ள கொண்டு வந்த சீரத் திருப்பி அனுப்புற பழக்கம் எங்க ஊர்ல இல்லீங்களே," என்றார் சல்பியா அக்கா, வெற்றிலையை மென்றபடி. "சாப்ட்டுட்டுப் போங்க. ஆட்டுக்கறி வெந்துருச்சு."

அதிகாரி கெச்சிக்கைப் பார்த்தார். கெச்சிக் வானத்தைப் பார்த்தார். வானம் கறுத்திருந்தது. டிசம்பர் மழை கேட்டா வரும்?

மழை கொட்டியதும் எல்லாரும் சல்பியா அக்கா வீட்டுக்குள் புகுந்தோம். மாடி அறையில் பாய் விரித்து, ஹனாஃபியாவை நடுவில் உட்கார வைத்து, மடியில் மஞ்சள் சோற்றுத் தட்டை வைத்தார்கள். அவர் தலைக்கு மேலே உடைந்த கூரையின் வழியாகப் படகின் அடிவயிறு கறுப்பாக இறங்கியிருந்தது. இத்தனை வருஷமாக மேலிருந்து பார்த்த படகை அவர் அன்றுதான் கீழிருந்து பார்த்தார்.

டப் என்று ஒரு சொட்டு. மஞ்சள் சோற்றின் நடுவில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தயாராக மட்டும் இருந்தோம். ஹனாஃபியா அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சொட்டு நெற்றியில் விழுந்தது. எழுந்து நின்று, கையை உயர்த்தி, பலகை இடுக்கில் விரலை வைத்தார். அந்த விரல் ஒரு பலகையின் ஓரமாகவே போய், ஓர் இடத்தில் நின்றது.

"படகுதான்," என்றார்.

சிரித்திருப்போம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டதால் சிரிக்கவில்லை.

"இந்தப் பலகை இடுக்க அடைச்சுக் கலப்பத்து பாக்கத்தான் பழைய பஞ்சப் பிடுங்கி வெச்சிருந்தேன். அடைக்காமலே கடலுக்குப் போனேன். திரும்பி வந்து அடைச்சுக்கலாம்னு நெனச்சேன்." அவர் எங்களிடம் பேசவில்லை, பலகையிடம் பேசினார். "அடைச்சிருந்தா உள்ள தண்ணி ஏறியிருக்காது. பாரம் ஆகியிருக்காது. இங்க நிக்காம இன்னும் ரெண்டு தெரு மெதந்து போயிருக்கும். என் வீட்டுக்கே போயிருக்கும்."

ஆகவேதான் இத்தனை வருஷமாகக் கூரை, கூரை என்று அந்த மனிதர் சண்டை போட்டிருக்கிறார். அவரைக் கேலி செய்து காப்பி விற்றவன் நான்.

சல்பியா அக்கா வழக்கம்போல் பேசினைக் கொண்டுவந்து வைக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு தெரு போயிருந்தா, அதுல ஏறின நாங்க அத்தன பேரும் இல்ல, பவாங். அதுவும் ஒங்களுக்குத் தெரியணும்."

ஹனாஃபியா தலையாட்டினார். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கவில்லை. மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. கீழே சமையலறைப் பக்கமிருந்தும் அதே சத்தம் வந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வெற்றிலைச் சாற்றை விழுங்கினார்.

"அடுப்படியும் ஒழுகுது," என்றார். "அங்க மேல படகே இல்ல."

ஹனாஃபியா அவரைத் திரும்பிப் பார்த்தார். கெச்சிக்கின் தங்கப் பொத்தான் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு பஞ்சும் குங்கிலியமும் ஓர் ஏணியும் வேண்டும் என்று உத்தரவு போட்டார். கரையில் அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் எல்லாரும் ஓடியது அதுதான் முதல் தடவை.